நடிகரின் முதுகு தெரியும் இருக்கை

போன இதழில் ஜப்பானின் ‘சென்ரியூ’ கவிதை பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஹைக்கூவுக்கும் சென்ரியூவுக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சையில் எழுதுகிற மாதிரி வேண்டாம், புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, திருச்சி

ஹைக்கூ மழையைப் பார்க்கும். சென்ரியூ, அந்த மழையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் குடை இரவல் கேட்கலாமா வேண்டாமா என்று நிற்கிறவரைப் பார்க்கும்.

உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஐந்து, ஏழு, ஐந்து என்று 17 ஒலியசை. ஹைக்கூவுக்குப் பருவத்தைச் சொல்லும் சொல் ஒன்று வேண்டும், ஓட்டத்தை வெட்டி நிறுத்தும் சொல் ஒன்றும் வேண்டும். சென்ரியூ இரண்டையும் கேட்காது. ஒரு மனிதர் மாட்டிக்கொண்டால் போதும்.

சென்ரியூ என்பது ஓர் ஆளின் பெயராமே? அவர் பெரிய கவிஞரா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஆளின் பெயர்தான். ஆனால் அவர் எழுதிப் புகழ்பெற்றவர் இல்லை, பொறுக்கி எடுத்துப் புகழ்பெற்றவர். ஒரு கவிதை வடிவத்துக்கு நடுவரின் பெயர் நிலைத்துப்போனது உலக இலக்கியத்தில் எத்தனை அபூர்வம்!

கராய் ஹச்சியெமோன் என்பது அவர் பெயர். 1718இல் பிறந்தவர். இன்றைய தோக்கியோவுக்கு அன்றைய பெயர் எடோ. அங்கே அசகுசா வட்டாரத்தில், ரியூஹோஜி என்ற கோயில் வாசலை ஒட்டிய குடியிருப்புக்கு அவர் நாட்டாண்மை. வாடகைத் தகராறு, பிறப்பு இறப்புக் கணக்கு, தெருச் சண்டை எல்லாம் அவர் திண்ணைக்குத்தான் வரும். 1757இல், 39 வயதில், கவிதைப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தார். சென்ரியூ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ‘ஆற்றோர வில்லோ மரம்’ என்று பொருள். 1790இல் இறக்கும் வரை முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. அவர் கல்லறை அந்தக் கோயிலில்தான் இருக்கிறது.

தெருவின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான் நல்ல கவிதை எது என்று சொன்னது. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் மனதில் வருவது இதுதான். பண்டிதர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மாமியார், வாடகைக்காரர், தாதி எல்லோரும் கவிதைக்கு வெளியே நின்றிருப்பார்கள்.

போட்டி எப்படி நடந்தது? நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா?
– வாசகர், சிவகங்கை

உண்டு. நம் புலவர்களிடம் ஈற்றடியைக் கொடுத்து, “இதில் முடிகிற மாதிரி ஒரு வெண்பா பாடும்” என்பார்களே, அதற்கு உறவு. காளமேகம் இதில் மன்னர். நாம் கடைசி அடியைக் கொடுத்தோம், அவர்கள் முன்வரியைக் கொடுத்தார்கள். ‘மயெகுஸுகே’ என்றால் ‘முன்வரிக்கு ஒட்டுவது’.

ஏழும் ஏழுமாகப் பதினான்கு ஒலியசையில் ஒரு முன்வரி. பெரும்பாலும் ஒரே சொற்றொடர் இரண்டு முறை வரும். ‘கூட்டமாக இருக்கிறதே, கூட்டமாக இருக்கிறதே’ என்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பொருத்தமாக 17 அசையில் ஒரு காட்சியை எழுதி அனுப்ப வேண்டும். வட்டாரத்துக்கு வட்டாரம் வாங்கி வைக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பாட்டுக்கு நுழைவுக் கட்டணம் ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலை. ஆளுக்கு இத்தனைதான் என்ற கணக்கு இல்லை, காசு இருக்கிற வரை எழுதலாம். 1760களிலேயே ஒரே கூட்டத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தது. தேர்வானவற்றைத் தாளில் அச்சடித்து விநியோகித்தார்கள்.

ஜெயித்தால் என்ன பரிசு?
– இல்லத்தரசி, விருதுநகர்

பருத்தித் துணி. இல்லாவிட்டால் சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம். வீட்டில் நாலு பேர் உண்மையாகவே சந்தோஷப்படுகிற பரிசு.

முன்வரிக்காக எழுதியது என்றால், அது இல்லாமல் இன்று எப்படிப் புரிகிறது?
– ஆய்வு மாணவர், மதுரை

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1765இல் கோர்யோகென் அருபேஷி என்ற தொகுப்பாளர், அச்சாகி வந்திருந்த தாள்களைப் புரட்டி, முன்வரியைக் கழற்றி எறிந்தாலும் தனியாக நிற்கக்கூடிய பாடல்களை மட்டும் பொறுக்கினார். 756 தேறியது. கிமோனோவின் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டு போகிற அளவில் சின்னப் புத்தகம். ‘ஹைஃபூ யனகிதரு’ என்று பெயர். அது பிடித்துக்கொண்டது. தொகுப்பாளர் போய், நடுவர் போய், அடுத்தடுத்த தலைமுறை வந்து, 1840 வாக்கில் நிற்கும்போது 167 பகுதி ஆகியிருந்தது.

ஊன்றுகோலை எடுத்த பிறகும் நின்ற பாட்டுகள்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன. அந்த ஒரு முடிவால்தான் ஒரு பொழுதுபோக்கு இலக்கியம் ஆனது. அருபேஷிக்கு யாராவது ஒரு சிலை வைக்க வேண்டும். அந்தப் புனைபெயரை வாய்விட்டுச் சொன்னால் ‘பெரிய மனசு பண்ணுங்கள்’ என்கிற தொனி கேட்குமாம்.

இன்னொன்று, எழுதியவர் பெயர் அந்தத் தொகுப்பில் கிடையாது. தச்சரா, கடைக்காரரா, சாமுராயா, யாருக்கும் தெரியாது. ஒரு நகரமே எழுதியது என்று சொன்னால் மிகையில்லை.

எடோ எப்படிப்பட்ட ஊர்? நம் திருவல்லிக்கேணி மாதிரியா?
– திருவல்லிக்கேணியில் நாற்பது வருஷம் குடியிருந்தவர், இப்போது தாம்பரம்

ஒண்டுக்குடித்தனம் தெரிந்தவர் நீங்கள். உங்களுக்குப் பாதி சொன்னால் போதும். 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நகரத்தின் பெரும் பரப்பு சாமுராய் மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் போய்விட, மிச்சமிருந்த இடத்தில் சாதாரண ஜனம் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்தது. ‘நகயா’ என்பது வரிசை வீடு. அதில் ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒன்பது அடிக்குப் பன்னிரண்டு அடி. அடுப்பும் படுக்கையும் அதற்குள்ளேயே. கிணறு பொது, கழிப்பறை பொது, சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பதற்குத் தனியாக முயற்சி எதுவும் தேவையில்லை.

சென்ரியூ பிறந்ததே அந்தச் சுவரில் காது வைத்துத்தான். புது மருமகள், மாமியார், அப்பா சேர்த்ததைக் கரைக்கும் மூத்த பிள்ளை, வைத்தியம் தெரியாத வைத்தியர், நாலு நாள் தங்க வந்து நாலு வருஷம் தங்கிவிட்ட உறவுக்காரர். இவர்கள்தான் பாத்திரங்கள். திருவல்லிக்கேணியில் இவர்கள் எல்லோரும் இருந்தார்களா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

நான் மேடை நடிகன். சென்ரியூவில் நாடகம் நிறைய வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஏன் அவ்வளவு?
– சென்னை

எடோ நகரத்துக்கு நாடகம் என்றால் உயிர். அந்த நாடகத்துக்குக் கபுகி என்று பெயர். அரசு அனுமதி பெற்ற பெரிய கபுகி அரங்குகள் மூன்று. நகாமுரா-ஸா, இச்சிமுரா-ஸா, மோரிதா-ஸா. நான்காவதாக ஒன்று இருந்தது. ஆட்சியாளரான ஷோகனின் அரண்மனைப் பெண் அதிகாரி ஒருவருக்கும் நடிகர் ஒருவருக்கும் ஏற்பட்ட தொடர்பு 1714இல் பெரும் ஊழலாக வெடித்து, அந்த அரங்கையே இழுத்து மூடினார்கள்.

நாடகம் விடியற்காலையில் தொடங்கி அந்தி வரை நடக்கும். மர நகரம், தீப்பயம். அதனால் பகல் வெளிச்சத்தில்தான் நாடகம். உள்ளே இருட்டிக்கொண்டு வந்தால் நீளக் கம்பின் நுனியில் மெழுகுவர்த்தி வைத்து, உதவியாளர் ஒருவர் நடிகர் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டுவார். ஒரே ஒரு முகம் மட்டும் பிரகாசிக்கும். வசதியான வீட்டுப் பெண்கள் முதல் நாள் இரவே அலங்காரத்தை ஆரம்பித்துவிடுவார்கள், விடியுமுன் படகில் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். நாள் முழுக்க உட்கார வேண்டும் என்பதால் தேநீர், சாப்பாடு, பலகாரம் எல்லாம் அரங்குக்குள்ளேயே.

நவம்பர் வாக்கில் வரும் வருஷத் தொடக்கக் காட்சி ஒரு திருவிழா. நடிகர்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம். யார் எந்த அரங்குக்கு மாறினார் என்பதை அன்று மேடையில் பார்க்கலாம். நம் ஊரில் நட்சத்திரப் படம் வெளியாகும் முதல் நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருக்கைகளில் மிகவும் மலிவானது ‘ராகான்தாய்’. மேடைக்கு உள்ளே, பின்பக்கமாக ஓர் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஓர் இடம். புத்தரின் சீடர்களான ராகான்களின் சிலைகள் கோயிலில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி ஜனங்கள் அங்கே அடுக்கி உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெயர். அங்கிருந்து பார்த்தால் நடிகரின் முதுகுதான் தெரியும். முகம் தெரியாது. ஆனால் முன்வரிசைக்குத் தெரியாதது எல்லாம் தெரியும். வியர்வையில் ஒட்டிய உடை, விக் கட்டிய முடிச்சு, நடிகரைப் பார்த்து ஆவென்று வாய் திறந்திருக்கும் ஆயிரம் முகங்கள்.

சென்ரியூ எழுதப்பட்டதே அந்த இருக்கையிலிருந்து என்றுதான் நான் நினைக்கிறேன். நாடகத்தை மட்டுமல்ல, கல்யாணம், சாவு, வியாபாரம் எல்லாவற்றையும் அது முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தது.

அந்தக் கால நாடகத்திலிருந்து ஒரே ஒரு காட்சி சொல்லுங்களேன்.
– நாடகக் குழு ஒன்றின் ஒப்பனையாளர், புதுச்சேரி

ஒப்பனையாளர் கேட்பதால் ஓர் ஒப்பனையைப் பற்றியே சொல்கிறேன்.

‘சூஷிங்குரா’ 1748இல் ஒசாகாவில் பொம்மலாட்டமாக வந்து, அதே வருஷம் கபுகிக்குப் போன நாடகம். இறந்துபோன தலைவனுக்காக 47 பேர் பழிவாங்கும் கதை. அதன் ஐந்தாம் அங்கத்தில் சதகுரோ என்றொரு வழிப்பறிக்காரன் வருவான். இருட்டு மழையில் ஒரு கிழவரைக் கொன்று பணத்தை எடுப்பான், காட்டுப்பன்றிக்கு வைத்த குறி தவறி அவன் மேல் குண்டு பாயும், அவ்வளவுதான். மலைக் கொள்ளைக்காரன் மாதிரி முரட்டு உடையில் வந்து செத்துப்போகிற வேஷம். ஜனம் அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிடும். அதற்குச் ‘சாப்பாட்டு அங்கம்’ என்றே பெயர் வந்துவிட்டது.

1766இல் இச்சிமுரா அரங்கில் அந்த வேஷம் நகாமுரா நகாஸோவுக்கு வந்தது. பரம்பரைப் பெருமை இல்லாமல் கீழிருந்து ஏறி வந்த நடிகர். அவர் முரட்டு உடையைத் தூக்கி எறிந்தார். முகத்திலும் கைகால்களிலும் வெள்ளைப் பூச்சு. கறுப்புப் பட்டு. கிழிந்த குடை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நொடித்துப்போன ஒரு சாமுராயாக வந்து நின்றார். குண்டு பட்டதும் வாயிலிருந்து வழியும் ரத்தம் அந்த வெள்ளைத் தொடையில் சொட்டியது. மழைக்கு ஒதுங்கிய ஒரு சோபா கடையில் நனைந்து வந்த சாமுராய் ஒருவரைப் பார்த்துத்தான் இதைப் பிடித்தார் என்றும், அரங்கம் மூச்சுவிடாமல் இருந்ததால் தோற்றுவிட்டோம் என்று பயந்தார் என்றும் கதைசொல்லிகள் இன்றும் சொல்கிறார்கள். இன்றுவரை சதகுரோ அந்தக் கோலத்தில்தான் மேடைக்கு வருகிறான்.

வருஷத்தைக் கவனியுங்கள். தொகுப்பின் முதல் பகுதி 1765, நகாஸோவின் சதகுரோ 1766. நகாஸோவும் கராய் சென்ரியூவும் மறைந்தது ஒரே வருஷம், 1790. நாலு கவளம் சாப்பிடுகிற நேரத்துக்கு வந்துபோகும் ஒரு வேஷத்தை நடிகர் ஒருவர் உற்றுப் பார்த்தார். யாரும் பாட்டில் வைக்காத ஆட்களை அதே ஊர்க்காரர்கள் உற்றுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே தெருக்களில், ஒரே காலத்தில் நடந்திருக்கிறது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கதாநாயகர்களைத் தவிர வேறு யார் மேல் அந்தக் கவிஞர்களின் கண் விழுந்தது?
– வாசகர், ஈரோடு

குதிரைக்குள் இருப்பவர் மேல். கபுகியில் குதிரை வந்தால் அதற்குள் இரண்டு பேர். ஒருவர் முன்னங்கால், ஒருவர் பின்னங்கால். அடிமட்ட நடிகர்களுக்கு ‘குதிரைக் கால்’ என்றே பெயர். முதுகில் முழு ஆயுதத்தோடு தளபதி உட்கார்ந்திருப்பார். சவாரி செய்யும் நடிகர் அவர்களுக்குத் தனியாக ஒரு தொகை கொடுப்பது வழக்கம். அதன் பெயர் ‘தீவனக் காசு’.

மனைவி சபையில் உட்கார்ந்து, “அதோ பின்னங்கால், எங்க வீட்டுக்காரர்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடியுமா, முடியாதா? அந்தக் கேள்வி எழுகிற இடத்தில்தான் சென்ரியூ இருக்கிறது.

மேடையில் பெண்களே இல்லையாமே?
– ஆசிரியை, நாகர்கோவில்

1629இல் அரசு தடை செய்தது. அதற்குப் பிறகு பெண் வேஷமும் ஆண்களுக்கே. நம் ஸ்திரீபார்ட் மாதிரி. ஆனால் பார்வையாளர்களில் பெண்கள் ஏராளம். மாளிகைகளில் வேலை பார்த்த பணிப்பெண்களுக்கு மூன்றாம் மாதம் வீட்டுக்குப் போக விடுமுறை கிடைக்கும். அவர்கள் நேராக நாடகத்துக்குப் போவார்கள் என்று தெரிந்து, மாளிகைப் பெண்களுக்குள் நடக்கும் அவமானமும் பழிவாங்கலுமாகிய ‘ககமியமா’ நாடகத்தை அந்த மாதத்தில் போடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. வருஷம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவர்கள், தங்கள் எஜமானியைப் போன்ற ஒருத்தி மேடையில் தண்டிக்கப்படுவதைப் பார்த்து அழுத அழுகையை நினைத்துப் பாருங்கள்.

எளியவர்களைக் கேலி செய்வது கவிதையா? படித்த சில மொழிபெயர்ப்புகள் எனக்குப் பிடிக்கவில்லை.
– செவிலியர், சேலம்

உங்கள் கோபம் நியாயமானது. எல்லா சென்ரியூவும் நல்ல சென்ரியூ இல்லை. வெளியூரிலிருந்து பணிக்கு வந்த சாமுராய்களின் கிமோனோவுக்கு உள்துணி வெளிர்நீலமாக இருக்கும். எடோவில் அது பழைய நாகரிகம். அந்த நிறத்தையே பட்டப்பெயராக்கி அவர்களை ஓயாமல் கேலி செய்தார்கள். அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இடுப்பில் வாள் வைத்திருந்தவர்களை வாள் இல்லாதவர்கள் கேலி செய்தார்கள்.

ஆனால் யோஷிவரா விஷயம் வேறு. அரசு அனுமதியோடு நடந்த விலைமாதர் பகுதி அது. கடனுக்காகச் சின்ன வயதில் விற்கப்பட்ட பெண்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். அதை விளையாட்டாகப் பாடிய பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைப் படித்து என்னால் சிரிக்க முடிவதில்லை. சிரிக்கச் சொல்கிற உரையாசிரியர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஜப்பானியர்கள் இந்தக் கவிதைக்கு மூன்று குணம் சொல்வார்கள். நகைச்சுவை, லேசாக இருத்தல், மூன்றாவது ‘உகாச்சி’. துளைத்தல் என்று பொருள். மேல்தோலைத் துளைத்து உள்ளே இருப்பதைக் காட்டுவது. என் அளவுகோல் இதுதான்: துளைக்கப்பட்டவரே படித்துவிட்டு, “ஆமாம், நான் அப்படித்தான்” என்று தலையை ஆட்டினால் அது நல்ல சென்ரியூ.

ஆட்சியாளர்கள் சும்மா விட்டார்களா?
– வழக்கறிஞர், கோயம்புத்தூர்

விடவில்லை. 1790இல் பதிப்புக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த வருஷமே எழுத்தாளர் சந்தோ கியோதெனுக்கு 50 நாள் கைவிலங்கு, அவர் நூல்களைப் போட்ட பதிப்பாளர் ஸுதயா ஜூஸபுரோவுக்குச் சொத்தில் பாதி அபராதம். 1840களின் தொடக்கத்தில் மூன்று நாடக அரங்குகளையும் ஊர் நடுவிலிருந்து பெயர்த்து அசகுசாவின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். நாடகம் ஜனங்களைக் கெடுக்கிறதாம்.

மிகப் பெரிய விலையைக் கொடுத்தவர் 20ஆம் நூற்றாண்டுக்காரர். சுரு அகிரா என்பது புனைபெயர். 1909இல் பிறந்தவர், தொழிலாளி. போர் திருப்பி அனுப்பிய உடல்களைப் பற்றியும், நெசவாலைகளில் இருமிய பெண்களைப் பற்றியும் 17 அசையில் எழுதினார். 1937 டிசம்பரில் கைது செய்தார்கள். 1938 செப்டம்பரில், காவலில் இருந்தபோதே, வயிற்றுக்கடுப்பில் இறந்தார். வயது 29. சென்ரியூ என்றால் சிரிப்புத் துணுக்கு என்று யாராவது சொன்னால் நான் அவர் பெயரைச் சொல்வேன்.

பெண்கள் எழுதினார்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பழைய தொகுப்பில் பெயரே இல்லாததால் யார் ஆண், யார் பெண் என்று பிரிக்க வழியில்லை. நவீன காலத்தில் இனோயே நொபுகோ (1869–1958) பெண் கவிஞர்களைத் திரட்டினார். தொகிஸனே ஷின்கோ 1987இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். கணவன் உள்ள ஒருத்தியின் காதல் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். நாடே வாங்கிப் படித்தது.

இன்றைய ஜப்பானில் இது உயிரோடு இருக்கிறதா?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

உங்களைப் போன்றவர்கள்தான் காப்பாற்றுகிறார்கள். ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1987இல் ‘சம்பளக்காரர் சென்ரியூ’ என்ற பெயரில் தொடங்கிய போட்டி ஒவ்வொரு வருஷமும் நாடு முழுக்கப் பேசப்படுகிறது. மேலாளர், வீட்டுக் கடன், நெரிசல் ரயில், பேசாத மகள். எடோவின் பாத்திரங்கள் டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள்?
– வாசகர், பெங்களூரு

ஜப்பானியக் குறுங்கவிதையைத் தமிழுக்கு அறிமுகப்படுத்தியவர் பாரதி, 1916இல், சுதேசமித்திரனில். அது ஹைக்கூ பற்றியது. சென்ரியூ என்று பெயர் சூட்டியே தொகுப்பு கொண்டுவந்தவர் ஈரோடு தமிழன்பன். ‘ஒரு வண்டி சென்ரியு’, 2001. இன்று ஹைக்கூ என்ற பெயரில் வருகிறவற்றில் பாதி உண்மையில் சென்ரியூதான். பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, அவ்வளவே.

தமிழில் எழுதும்போது 17 அசையை எண்ண வேண்டுமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

வேண்டாம். அவர்கள் அசை வேறு, நம் அசை வேறு. விரல் விட்டு எண்ணினால் விரல்தான் வலிக்கும். ஆனால் வேறொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், அது நமக்கு இயல்பாகவே வரும். சென்ரியூ பல நேரம் வினைமுற்றில் முடியாது. நம் வினையெச்சம் போன்ற ஒரு வடிவத்தில், வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு நிற்கும். உதாரணத்துக்கு நான் எழுதிய ஒன்று:

டிக்கெட் கிடைக்காதவர்
வெளியே வருவோர் முகங்களில்
கதையைத் தேடி

‘தேடுகிறார்’ என்று முடித்துப் பாருங்கள். செய்தி ஆகிவிடும், அவரைப் பார்த்து நாம் நகர்ந்துவிடுவோம். ‘தேடி’ என்று விட்டால் அவர் இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறார், அடுத்த காட்சிக்குக் கூட்டம் உள்ளே போன பிறகும். வினையெச்சம் இவ்வளவு வளமாக இருக்கிற மொழியை வைத்துக்கொண்டு நாம் ஏன் ‘கிறது’, ‘கிறார்’ என்று கதவைச் சாத்துகிறோம் என்பது என் நீண்ட நாள் வருத்தம்.

நீங்களே நேரில் பார்த்த சென்ரியூ ஏதாவது?
– வாசகி, காரைக்குடி

இரண்டு வருஷத்துக்கு முன், மயிலாப்பூரிலிருந்து வடபழனி போகும் இரவு பஸ். எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மடியில் ரெக்ஸின் பை. நடத்துநர் சில்லறை கேட்கிறார். அவர் சட்டைப் பை, பேண்ட் பை, ரெக்ஸின் பை என்று மாற்றி மாற்றித் துழாவுகிறார். ஒரு ரூபாய் குறைகிறது. அவர் குனிந்தபோது பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால், முகம் கழுவும்போது கை எட்டாத இடத்தில், ரோஜா நிறத்தில் ஒரு தீற்றல் மின்னியது. கழுத்து மடிப்பில் மீசை ஒட்டிய பசை உலர்ந்து சுருண்டிருந்தது. எங்கேயோ ஒரு சபாவில் அரை மணி நேரத்துக்கு முன் இவர் கையை உயர்த்தினால் மந்திரிகள் எழுந்து நின்றிருப்பார்கள்.

ஒரு ரூபாயை நான் கொடுத்தேன். “தேங்க்ஸ் சார்” என்றார். குரல் மட்டும் இன்னும் கீழே இறங்கவில்லை, கடைசி வரிசை வரை கேட்டது. வீட்டுக்கு வந்து எழுதினேன்:

சில்லறை துழாவும் பயணி
காதுக்குப் பின்னால் மிச்சமிருக்கும்
ராஜாவின் அரிதாரம்

நான் பின் சீட்டில் இருந்ததால் தெரிந்தது. முன்னால் இருந்திருந்தால் சில்லறை இல்லாத ஒரு பயணியை மட்டும் பார்த்திருப்பேன்.

படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள்.
– நூலகர், வேலூர்

ஆங்கிலம் தெரிந்தால் ஆர். எச். பிளைத். 1949இல் சென்ரியூ பற்றி எழுதினார், பிறகு 1960, 61இல் இரண்டு பெரிய நூல்கள். உரையில் அவர் அபிப்பிராயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஆனால் மனிதர்கள் மேல் அவருக்கு இருந்த காதல் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அடுத்து மக்கோதோ உயேதாவின் 1999 தொகுப்பு. அது சமநிலையானது. இரண்டையும் உங்கள் நூலகத்துக்கு வாங்கி வையுங்கள்.

எங்களுக்கும் ஒரு முன்வரி கொடுங்களேன். நாங்களும் எழுதிப் பார்க்கிறோம்.
– ‘தெருவில் நிற்கும் நாலு நண்பர்கள்’, திண்டுக்கல்

சந்தோஷமாக. பழைய வழக்கப்படி ஒரே சொற்றொடர் இரண்டு முறை. தினமும் காதில் விழுவதுதான்:

‘இடம் இருக்கு, இடம் இருக்கு.’

பஸ்ஸில் சொல்லலாம், நாடக சபாவில் சொல்லலாம், கல்யாணப் பந்தியில், வாடகை வீட்டில், ஆஸ்பத்திரி வார்டில், சுடுகாட்டில் சொல்லலாம். மூன்று வரி போதும். எழுதி முடித்ததும் முன்வரியைக் கையால் மறைத்துவிட்டு, வீட்டில் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரிந்தால் அனுப்புங்கள். கட்டணம் இல்லை. முதல் பரிசு ஒரு பருத்தித் துண்டு.